கடைசிப் பந்தி

முடக்குவாதம் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் போதும், எதையெல்லாம் தின்னக் கூடாது என்று சொல்லத் தெருவே திரண்டு வந்துவிடும். எனக்கு இந்த நோய் இன்னதென்று தெரிந்தது 2016-ல். கத்திரிக்காய் கரப்பான், தொடாதே என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. உருளைக்கிழங்கு வாயு. புளி ஆகவே ஆகாது. தக்காளி, வாழைக்காய், மொச்சை, தயிர், கருவாடு என்று வரிசை நீண்டது. பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் பருப்பையே நிறுத்தச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டு நடந்திருந்தால் வெறும் சோறுதான் எனக்கு மிஞ்சியிருக்கும். அத்தனை பேரும் என்மேல் உள்ள அக்கறையில் சொன்னவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் என் தட்டிலிருந்து எதை எடுத்துவிடலாம் என்றுதான் எல்லோரும் யோசித்தார்கள். அந்தத் தட்டில் முதலில் என்ன இருக்கிறது என்று கேட்டவர் ஒரே ஒருவர், எனக்கு வைத்தியம் பார்த்த மூட்டுநோய் டாக்டர்.

தூத்துக்குடிப் பக்கம் பெரியவர்கள் இதைச் சரவாங்கி என்பார்கள். வயதாகி மூட்டு தேய்ந்து வருகிற வலி வேறு, இது வேறு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், மூட்டுக்குள் உள்ள மெல்லிய சவ்வையே தாக்கத் தொடங்குகிறது. சவ்வு வீங்கித் தடிக்கிறது. கவனிக்காமல் விட்டால் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. எனக்கு இரண்டு கையிலும் விரல் கணுக்களில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியாது. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால்தான் கொஞ்சம் இளகும். பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்தேன். கோலமாவு விரலிடுக்கில் நிற்கவில்லை. வகுப்பில் சாக்பீஸ் பிடிக்க முடியாமல், கையெழுத்து நன்றாக இருக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பலகையில் எழுதச் சொல்லிச் சமாளித்தேன். அவர்களுக்கு அது பெருமை. எனக்கு அழுகையை அடக்குவது பெரும்பாடு.

ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. 40-ஐத் தாண்டியிருந்தது. 6-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று அந்தச் சீட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் கல்லீரல் இந்தப் புரதத்தை அதிகமாகச் சுரக்கும். ஹீமோகுளோபின் 9-ஐ ஒட்டி நின்றது. டாக்டர் மருந்துச் சீட்டை எழுதி முடித்தார். பிறகு, “நேத்து மத்தியானம் என்னம்மா சாப்பிட்டீங்க?” என்று கேட்டார்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. சோறும் மீன் குழம்பும் என்றேன்.

“எத்தனை துண்டு மீன்?”

நான் பேசவில்லை. கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “எத்தனை மணிக்கு?” என்றார் டாக்டர். மூன்று மணி இருக்கும் என்று சொன்னேன். அவர் என் கணவரைப் பார்க்கவும் இல்லை, எங்களைக் குறை சொல்லவும் இல்லை. “இந்த மருந்துகள வெறும் குழம்புச் சோத்துமேல போட்டா உடம்பு தாங்காதும்மா” என்று மட்டும் சொன்னார்.

எங்கள் வீட்டில் யாரும் என்னைப் பட்டினி போட்டதில்லை. இதை நான் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நல்ல மனிதர்கள். சீலா மீன் வாங்கினால் நடுத்துண்டுகள் மாமாவுக்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். தலையும் வாலும் சட்டியில் கிடக்கும். மாமியாரான அத்தையும் நானும் எல்லோரும் எழுந்தபிறகு உட்கார்ந்து அதைப் பங்கிட்டுக்கொள்வோம். பொரியலில் பிடியளவு மிஞ்சினால் “நீ போட்டுக்கோளா” என்று அத்தை என் பக்கம் தள்ளுவார். நான் அவர் பக்கம் தள்ளுவேன். கடைசியில் அது ராத்திரிக்கு என்று கிண்ணத்தில் ஏறும், ராத்திரி யாராவது ஒரு பிள்ளையின் தட்டுக்குப் போகும். பள்ளிக்கூட நாட்களில் எல்லோருக்கும் டப்பா கட்டியபின் மிச்சம் இருப்பது என் டப்பா. என் அம்மாவும் இப்படித்தான் சாப்பிட்டாள். எனக்கும் வேண்டும் என்று கேட்க எனக்கு இருந்த கூச்சத்தை எழுதிக் காட்ட முடியாது. விரல் மடங்காமல் துடித்த நாட்களில்கூட, இன்னொரு துண்டு மீன் வைத்துக்கொள்வது யாரிடமிருந்தோ பறித்துத் தின்பதாகவே எனக்குத் தோன்றியது. வலியைப் பற்றி எல்லோரிடமும் பேசினேன். இதைப் பற்றி ஒருவரிடமும் பேசியதில்லை.

2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 பேருக்கு. மாதவிடாயும் பிரசவமும் இதற்குப் பெரிய காரணங்கள், மறுக்கவில்லை. தட்டும் ஒரு காரணம். இதன்மேல் முடக்குவாதமும் வந்து சேர்ந்தால் சங்கடம் இரட்டிப்பாகிறது. அழற்சி இருக்கும்போது உடம்பு ஐ.எல்.-6 என்ற பொருளைச் சுரக்கிறது. அது கல்லீரலை ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. ஹெப்சிடின் இரும்புச்சத்தைக் குடலிலும் சேமிப்பிலுமாகப் பூட்டி வைத்துவிடுகிறது. அதனால் இரும்பு மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருந்தாலும் ரத்தம் ஏறாது. முதலில் அழற்சி அடங்க வேண்டும். எனக்கு அழற்சி அடங்கத் தொடங்கிய பிறகுதான் ஹீமோகுளோபின் அசைந்தது.

அழற்சியை அடக்கியது மருந்துதான். மெத்தோட்ரெக்சேட், வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தப்பித் தவறித் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் அந்த நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். அதோடு வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட் மாத்திரை. இந்த இரண்டு மாத்திரைகளின் கதையைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்கு ஒருவகைக் கடுமையான ரத்தசோகை வருவதைப் பார்த்தார். கிருமியைத் தேடுவதோடு நிற்காமல் அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று போய்ப் பார்த்தார். கீரையும் காயும் பழமும் அவர்கள் உணவில் மிகக் குறைவு. நம் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிறுவனத்திலும் அவர் இந்த ஆராய்ச்சியைச் செய்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தச் சோகை குணமாகிறது என்று 1931-ல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்த சத்துதான் பிறகு ஃபோலிக் அமிலம் என்று அடையாளம் காணப்பட்டது. அதை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர்கள் எல்லாப்ரகட சுப்பாராவின் குழுவினர். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சியை நடத்தியவர் அவர். ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் அங்கேதான் உருவாக்கினார்கள். மெத்தோட்ரெக்சேட் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. முதலில் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்தார்கள். முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் முறைப்படி அனுமதி கிடைத்தது 1988-ல்தான். ஏழைப் பெண்களின் தட்டை ஒரு டாக்டர் எட்டிப் பார்த்ததில் கிடைத்த மாத்திரையை நான் ஒவ்வொரு வாரமும் விழுங்குகிறேன்.

மருந்தை விட்டுவிட்டு உணவாலேயே குணப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். மூட்டு அரிப்பது வெளியே தெரியாமலே நடக்கும். வலி குறைந்திருக்கும் நாட்களிலும் நடக்கும். ஒருமுறை அரித்த எலும்பு திரும்ப வளராது. உறவுக்காரர் ஒருவர் லேபிள் இல்லாத சூரணப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து, “மூணே நாள்ல வலி போயிரும்” என்றார். டாக்டர் முன்கூட்டியே எச்சரித்திருந்ததால் நான் வாயில் வைக்கவில்லை. மூன்றே நாளில் வலியைப் போக்கும் பெயரில்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

அப்படியானால் உணவு என்ன செய்யும்? நான் அறிவியல் டீச்சர். தேடிப் படிக்காமல் இருக்க முடியவில்லை. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜி என்ற மருத்துவர்களின் சங்கம் 2022-ல் முடக்குவாதக்காரர்களுக்கு உணவு பற்றிய வழிகாட்டுதல் வெளியிட்டது. மத்தியதரைக் கடல் நாடுகளின் உணவு முறை ஒன்றைத்தான், அதையும் நிபந்தனையோடு, பரிந்துரைக்கிறது. காய்கறி, பழம், முழுத் தானியம், பருப்பு வகை, ஆலிவ் எண்ணெய் நிறைய. மீன் அளவாக. சர்க்கரையும் உப்பும் பதப்படுத்திய பண்டங்களும் கொஞ்சம். மற்ற எந்தத் தனி ‘டயட்’டையும் அது பரிந்துரைக்கவில்லை, சத்து மாத்திரைகளையும் பரிந்துரைக்கவில்லை. இதைப் படித்துவிட்டு நான் ஆலிவ் எண்ணெய் தேடிப் போகவில்லை. பருப்பு, கீரை, கடலை எண்ணெய், கேப்பை, மீன் எல்லாம் எங்கள் சமையலறையில் ஏற்கெனவே இருந்தன. என் தட்டுக்குத்தான் வரவில்லை.

பட்டினி வைத்தியம் பற்றியும் ஒரு வார்த்தை. நார்வேயில் நடந்த ஓர் ஆய்வு 1991-ல் லான்செட் இதழில் வந்தது. முடக்குவாதக்காரர்கள் ஒரு வாரத்துக்குமேல் ஏறக்குறைய உண்ணாமல் இருந்துவிட்டு, பிறகு ஓராண்டு சைவ உணவில் இருந்தார்கள். அவர்களுக்கு வலியும் வீக்கமும் குறைந்தன. இதைக் கேள்விப்பட்டு “நீயும் விரதம் இருந்து பாரேன்” என்று எனக்குச் சொன்னவர்கள் உண்டு. அந்த நோயாளிகள் மருத்துவர்களின் கண்காணிப்பில் இருந்தார்கள். ரத்தம் 9-ல் நிற்கும் ஒரு பெண்ணிடம், காலம் பூராவும் அரைவயிற்றுக்குச் சாப்பிட்டவளிடம், இன்னும் கொஞ்சம் பட்டினி கிட என்று சொல்ல எனக்கு மனம் வராது.

மீனுக்கு வருகிறேன். நம் செல்களின் சவ்வில் அராக்கிடோனிக் அமிலம் என்றொரு கொழுப்பு இருக்கிறது. வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்களை உடம்பு அதிலிருந்துதான் செய்கிறது. நாம் போடும் வலி மாத்திரைகள் அந்த வேலையைச் செய்யும் நொதியைத் தடுக்கின்றன. மீனின் ஒமேகா-3 கொழுப்பும் அதே நொதிக்குப் போட்டியாக வந்து நிற்கும். ரேஷன் கடை வரிசையில் நமக்கு முன்னால் நாலு பேர் நின்றுகொண்டால் நம் கைக்கு வருவது தாமதமாகிறதே, அப்படி. வீக்கத்தைத் தூண்டும் பொருள் குறைவாக உருவாகிறது. முடக்குவாதக்காரர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று கிராம் அளவு ஒமேகா-3 கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் வலியும் காலை நேர விறைப்பும் குறைந்தன, வலி மாத்திரையின் தேவையும் குறைந்தது. பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். நூறு கிராம் சாளையில் ஒரு கிராமுக்கு மேல் இந்தக் கொழுப்பு இருக்கும். வாரம் மூன்று நாள் சாளை தின்றால் அந்த ஆய்வுகளின் அளவை எட்ட முடியாது, பாதியைக்கூடத் தொட முடியாது. ஆனாலும் அது சும்மா இல்லை. புரதமும் இருக்கிறது, வைட்டமின் டி-யும் இருக்கிறது. முள்ளோடு மென்றால் கால்சியமும் கிடைக்கும்.

சாளையை மற்ற ஊர்களில் மத்தி என்பார்கள். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா, சாளை மட்டும் கிடைத்த நாட்களில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்: “இன்னைக்குச் சாளைதான் இருக்கு மைனி.” விலை குறைவு, விருந்துக்கு ஆகாது என்று பெயர். கானாங்கெளுத்தியும் நெத்திலியும் இதே வகையில் நல்ல மீன்கள்தான். இப்போது அவர் சத்தமாகவே கூப்பிடுகிறார், நான் கூடையை எதிர்பார்த்து நிற்பது அவருக்குத் தெரியும். விலை மலிவு என்பதால் இதில் யார் பங்கும் குறைவதில்லை. எனக்கும் கூச்சம் குறைந்தது. சீலாவின் நடுத்துண்டைக் கேட்டிருந்தால் என் வாய் எழுந்திருக்காது.

ஆனால் சாளையைச் சுத்தம் செய்ய விரல் வேண்டும். சின்ன மீன், கிலோவுக்கு ஏராளம் நிற்கும். என்னால் அப்போது கத்தி பிடிக்க முடியவில்லை. அத்தைக்குக் கண் பார்வை மங்கல். முதல் தடவை கணவர் கொல்லைப்புறக் குழாயடியில் குந்தி உட்கார்ந்தார். அத்தை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். “தலைய ஒடிச்சு இழுலே, குடலும் சேந்து வந்துரும்.” அவர் ஒடித்தார், தலை மட்டும் வந்தது. “கீழ்ப்பக்கமா ஒடிக்கணும்லே, மேல்ப்பக்கமா ஒடிச்சா எப்படி வரும்?” மறுபடி கீழ்நோக்கி ஒடித்து மெதுவாக இழுத்தார், கருத்த குடல் நூலாகக் கூடவே வந்தது. அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. செதில் கணவரின் முழங்கைவரை ஏறி வெயிலில் மின்னியது. கல்சட்டியில் உப்புப் போட்டு அலசித் தண்ணீர் தெளியும்வரை மூன்று நாலு தரம் மாற்றினார். ஒரு கிலோவை முடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. முடித்துவிட்டுக் கையை முகர்ந்து பார்த்து, “இத நீ தெனம் செஞ்சியா?” என்று என்னைக் கேட்டார். இருபது வருஷமாக என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து மீன் ஆய்வது அவர் வேலை.

சமைக்கும் விதத்தையும் மாற்றினோம். எண்ணெயில் முக்கிப் பொரிப்பதை விட்டு, தேங்காயும் சீரகமும் மிளகும் அரைத்துப் போட்டு அவியலாகவோ குழம்பாகவோ வைக்கிறோம். பொரித்த எண்ணெயை எடுத்து வைத்து மறுபடி காய்ச்சும் பழக்கம் நின்றது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் நாட்டுப்படகு மீன் வந்தால் உண்டு, விலை எகிறிவிடும். அப்போது முட்டை, கொண்டைக்கடலை, தட்டாம்பயறு. ஆளி விதையைத் திரித்துத் தோசை மாவில் கலந்துகொள்ளலாம் என்பார்கள், கலந்துகொள்கிறேன். ஆனால் ஆளி விதையில் இருக்கும் ஒமேகா-3 வேறு வகை. அதில் கொஞ்சத்தைத்தான் உடம்பு மீனில் உள்ள வகையாக மாற்றிக்கொள்ளும். சைவக்காரர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

மெத்தோட்ரெக்சேட் போட்ட மறுநாள் எனக்குக் குமட்டும், மீன் வாடையே ஆகாது. முதலில் சனிக்கிழமை ராத்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வீடே மீன் குழம்பு சாப்பிடும்போது நான் மோர்ச்சோற்றோடு தனியாக உட்கார்ந்திருப்பேன். டாக்டரிடம் கேட்டு மாத்திரை நாளை வாரநடுவுக்கு மாற்றிக்கொண்டேன். இது சின்ன விஷயம்தான், ஆனால் கேட்கலாம் என்றுகூடப் பலருக்குத் தெரியாது.

மஞ்சளைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் அழற்சியைக் குறைக்கும் தன்மை உடையதுதான். ஆனால் மஞ்சள் தூளின் எடையில் அது நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான். அதிலும் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாமல் வெளியேறிவிடும். மிளகில் உள்ள பைப்பரினைச் சேர்த்தால் குர்குமின் ரத்தத்தில் கலப்பது பலமடங்கு கூடுகிறது என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-ல் காட்டினார்கள். ஆய்வுகளில் பலன் தந்தது சாறு இறக்கிய மாத்திரை, நாம் குழம்பில் போடும் சிட்டிகை அல்ல. அந்த மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் பதிவாகியிருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்குக் கல்லீரல் ஏற்கெனவே கவனிக்க வேண்டிய உறுப்பு. அதனால் நான் மஞ்சளைக் குழம்போடு நிறுத்திக்கொண்டேன். முடக்கத்தான் கீரையைத் தோசையில் அரைத்துப் போடுவது எனக்குப் பிடிக்கும், அம்மா செய்வாள். அதை மருந்து என்று எண்ணிச் சாப்பிடுவதில்லை. கீரை என்று சாப்பிடுகிறேன்.

ஆரம்ப மாதங்களில் பிரெட்னிசலோன் கொடுத்தார்கள். வலி மளமளவென்று இறங்கியது, பசி மளமளவென்று ஏறியது. அந்த மாத்திரை ரத்தச் சர்க்கரையைக் கூட்டும், நாள்பட்டால் எலும்பைப் பலவீனமாக்கும். சீனியை விட்டுவிட்டுக் கருப்பட்டிக் காபிக்கு மாறியிருந்த நான், இது நல்லதுதானே என்று தாராளமாக இருந்தேன். கருப்பட்டிக்கு மணம் உண்டு, கொஞ்சம் தாதுச்சத்தும் உண்டு. ரத்தத்துக்குப் போய்ச் சேரும்போது அதுவும் சர்க்கரைதான் என்று டாக்டர் சொன்னபோது கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிக்காரியான எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. இப்போது காலையில் ஒரு தம்ளர் மட்டும்.

கத்திரிக்காய் எனக்கு ஆகிறதா என்று நானே பார்த்தேன். ஒரு மாதம் முழுதும் விட்டுவிட்டு, பிறகு தொடர்ந்து சாப்பிட்டு, விரல் எப்படி இருக்கிறது என்று நோட்டில் குறித்தேன். பிறகு இன்னொரு தரமும் அதையே செய்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. முடக்குவாதம் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். வலி ஏறிய நாளுக்கு முந்தின நாள் எதைத் தின்றோமோ அதன்மேல் பழி விழும். தக்காளியும் கத்திரிக்காயும் உருளைக்கிழங்கும் அப்படித்தான் காலாகாலமாகப் பழி சுமக்கின்றன. அவற்றை விலக்கினால் மூட்டு வலி குறையும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. உங்களுக்கு ஒன்று ஆகவில்லை என்று தோன்றினால் ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு மூன்று தடவை விட்டுச் சேர்த்துப் பாருங்கள். ஏற்கெனவே மெலிந்திருக்கும் தட்டு அது.

பழைய சோற்றை இப்போது எல்லோரும் புகழ்கிறார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோயாளிகளுக்காகப் பழைய சோற்றை வைத்து ஆராய்ச்சியே தொடங்கினார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். புளித்த சோறும் நார்ச்சத்தும் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவு. ஆனால் எங்கள் வீட்டில் பழையது எப்போதும் பெண்களுக்கானது. ஆண்களுக்குச் சூடாக இட்லி. பழையதும் ஊறுகாயும் மட்டுமே காலை உணவு என்றால் அதில் புரதம் எங்கே இருக்கிறது? நான் இப்போது பழையதோடு சுண்டலோ அவித்த முட்டையோ வைத்துக்கொள்கிறேன், சின்ன வெங்காயம் கடித்துக்கொள்கிறேன். என் மகனும் அதையே சாப்பிடுகிறான்.

நான் முதன்முதலில் எல்லோரோடும் உட்கார்ந்த நாளைச் சொல்லாமல் விட முடியாது. சாதம் பரிமாறிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். “இன்னைக்கு நானும் உங்ககூடவே உக்காருதேன்” என்றேன். குரல் நடுங்கியது. மாமா தலையசைத்தார். அத்தைதான், “ஆம்பளைங்க எந்திரிக்கட்டும்ளா, என்ன அவசரம்?” என்றார். “டாக்டர் சொல்லிருக்காரு அத்தை. மாத்திரைக்கு நேரத்துக்குச் சாப்பிடணுமாம். நீங்களும் உக்காருங்க, நீங்க உக்காந்தாதான் நான் உக்காருவேன்.” அவர் கொஞ்ச நேரம் சமையலறை வாசலில் நின்றார். என் மகள் எழுந்து போய் இன்னும் இரண்டு தட்டுகளை எடுத்து வந்து வைத்தாள். அத்தை உட்கார்ந்தார், ஆனால் சாப்பிடாமல் மற்றவர்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்குச் சாப்பாடு இறங்கல” என்றார் ராத்திரி. பொய்யில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வீட்டில் அவர் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. பல நாள் அப்படித்தான் இருந்தார். டாக்டர் பெயரைச் சொல்லி ஒவ்வொரு தடவையும் நான் கூப்பிட வேண்டியிருந்தது. சும்மா பசிக்கிறது என்று சொல்லி உட்கார எனக்கே அப்போது தைரியம் இல்லை.

இன்றைக்கு என் சி.ஆர்.பி. பெரும்பாலும் 6-க்குக் கீழே இருக்கிறது. ஹீமோகுளோபின் 12-ஐ ஒட்டி வந்துவிட்டது. ஸ்டீராய்டு நின்று பல வருஷமாகிறது. மெத்தோட்ரெக்சேட் தொடர்கிறது, கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் சோதனை தவறாமல் செய்கிறேன். இதில் மருந்துக்கு எத்தனை பங்கு, சாளைக்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை; பெரும்பங்கு மருந்துக்கு என்றே நம்புகிறேன். ஆனால் முன்பு மத்தியானம் மூன்று மணிக்கு வரும் களைப்பு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்திய களைப்பு, இப்போது இல்லை. சாக்பீஸ் பிடித்து எழுதுகிறேன். குளிர்காலத்தில் காலை விறைப்பு இன்னும் வருகிறது, பல் தேய்க்கும் நேரத்துக்குள் போய்விடுகிறது.

போன வருஷம் கோவில்பட்டியில் இருக்கும் என் அக்கா மகளுக்கும் இதே நோய் என்று தெரிந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. “எனக்கு என்ன சாப்பாடு எழுதித் தாரீங்க சித்தி?” என்று போனில் கேட்டாள். எழுதித் தராமல் நேரே போனேன். அவளிடம் பேசியதைவிட அவள் கணவனிடமும் மாமியாரிடமும்தான் அதிகம் பேசினேன். மெத்தோட்ரெக்சேட் எடுக்கும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது, குழந்தைக்கு ஊனம் வரலாம், குழந்தை வேண்டுமென்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி மருந்தை மாற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும், அதற்காக அவளை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்றேன். பையன் எல்லாவற்றையும் செல்போனில் குறித்துக்கொண்டான். பிறகு சாப்பாட்டுக்கு வந்தேன். மீனோ முட்டையோ பயறோ, தினமும் அவள் தட்டில் இருக்க வேண்டும். கீரை வாரத்தில் பாதி நாளாவது. உங்களோடு சேர்ந்து, சூடாக, ஒரு மணிக்குள். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், “முட்டை, மீனெல்லாம் குடுத்துருதேன். கூட உக்காரணும்கறதுக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார்.

கடைசியில் உட்காருகிறவளுக்கு மீன் மிஞ்சாது என்றேன். நான் எடுத்து வைப்பேன் என்றார். நாங்களும் எடுத்துத்தான் வைத்தோம், அது ராத்திரி பிள்ளைகளின் தட்டுக்குப் போனது என்று சொன்னேன். அவர் பதில் பேசவில்லை.

போன வாரம் அக்கா மகள் போனில் பேசினாள். வீக்கம் வடிந்திருக்கிறது, சி.ஆர்.பி. பாதியாகக் குறைந்திருக்கிறது. மாமியார் தன் மகள் வீட்டுக்குப் போயிருக்கும் நாட்களில் அவளும் கணவனும் சேர்ந்து ஒரு மணிக்குச் சாப்பிடுகிறார்களாம். மற்ற நாட்களில் பழையபடி மூன்று மணி. அடுத்த லீவுக்கு நான் இன்னொரு தரம் கோவில்பட்டி போகிறேன், அத்தையையும் கூட்டிக்கொண்டு. அந்த அம்மாவிடம் தானே பேசுவதாக அவர்தான் சொன்னார்.